நூல் வந்த வழி: குந்தாப் பகுதி குறித்த முன்னாய்வுகளும் மதிப்பீட்டு இயலை எழுதக் கற்றலும்

ஆய்வுச் சுருக்கம்

முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ‘ஆய்வு முன்னோடிகள்’ என்னும் பகுதி பெரும்பாலும் நூற்பெயர்களின் வரிசையாக அமைந்துவிடுகிறது. முன்னோர் கூறியவை தொகுக்கப்படுகின்றன. அவர்கள் அவற்றை எவ்வாறு அறிந்தனர் என்பது ஆராயப்படுவதில்லை. நீலகிரி மாவட்டத்தின் தென்மேற்கில், மஞ்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட குந்தாப் பகுதியைச் சான்றாகக் கொண்டு, முன்னாய்வு மதிப்பீட்டை ஒரு வரலாற்றுப் பணியாகக் கற்கும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. நீலகிரியைப் பற்றி 1603 முதல் எழுதப்பட்டவற்றில் குந்தா எங்கே தோன்றுகிறது, எங்கே மறைகிறது, ஏன் மறைகிறது என்னும் வினாக்களுக்குத் தமிழ்ப் பாயிர மரபின் ‘வழி, எல்லை, கேட்போர், காலம், களம், காரணம்’ என்னும் கூறுகள் விடை காண உதவுகின்றன என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: முன்னாய்வு மதிப்பீடு, பாயிரம், நீலகிரி, குந்தா, மஞ்சூர், படகர், கோத்தர், ஆய்வு நெறிமுறை.

முன்னுரை

இந்திய மலைப்பகுதிகளுள் நீலகிரி அளவுக்கு எழுதப்பட்ட பகுதிகள் மிகச் சிலவே. அதன் மக்களையும் மொழிகளையும் பற்றிய எழுத்துகளைத் தொகுத்த பால் ஹாக்கிங்ஸ், 1978இல் அதற்கெனத் தனியே ஒரு நூலடைவையே வெளியிட நேர்ந்தது. 2012இல் அவர் பதிப்பாசிரியராக இருந்து நீலகிரிக் கலைக்களஞ்சியம் ஒன்றையும் கொணர்ந்தார். ஆகவே நீலகிரியை ஆய்வுக்களமாகக் கொள்ளும் மாணவருக்கு நூல் இல்லை என்னும் குறை எழுவதில்லை. எழுவது வேறொரு சிக்கல். நூல்கள் மிகுதியாக இருக்கின்றன. அவற்றுள் தம் களம் இல்லை.

மஞ்சூரையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் ஆராயப் புகும் மாணவர் இந்நிலையை விரைவிலேயே உணர்வார். ‘நீலகிரியில்’ என்று தொடங்கும் பொதுக்கூற்றுகள் பல கிடைக்கும். அவற்றின் அடிப்படையைத் தேடிச் சென்றால் உதகமண்டலத்தையோ கோத்தகிரியையோ குன்னூரையோ சார்ந்த சான்றுகளில் சென்று முடியும். அக்கூற்றுகளை மஞ்சூருக்கும் பொருத்தி எழுதினால் முன்னாய்வுப் பகுதி நிரம்பிவிடும். ஆய்வு தொடங்கும் முன்பே பிழையும் அதனுள் புகுந்துவிடும்.

இத்திறனை மாணவர் எங்குக் கற்கிறார் என்பதும் இன்று எண்ணத்தக்கது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகள் முனைவர் பட்ட மாணவர்க்குப் பாடநெறியைக் கட்டாயமாக்கி, துறைசார்ந்த வெளியீடுகளை மதிப்பிடும் பயிற்சியையும் அதில் சேர்க்க இடமளித்தன. 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள் கருத்துத் திருட்டைத் தடுக்க, ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடந்தால் நடவடிக்கை என்று வரையறுத்தன. 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்தின. சிறிய ஆய்வேடு ஒன்றை எழுதி, அதில் தவறி, திருத்திக்கொள்ள வாய்ப்பளித்த படிநிலை இவ்வாறு நீங்கியது. ஒப்புமை விழுக்காட்டைக் குறைப்பதற்காகச் சொற்களை மாற்றி எழுதுவதே மதிப்பீடு என்று கொள்ளும் போக்கு வளர்வதற்கு இச்சூழல் இடந்தருகிறது. சொல் மாறினாலும் கூற்றின் வழி ஆராயப்படாவிடில் அது மதிப்பீடு ஆகாது.

1. பாயிர மரபும் மதிப்பீட்டு வினாக்களும்

முன்னாய்வு மதிப்பீடு மேலைநாட்டு ஆய்வுமுறையிலிருந்து வந்தது என்றே பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. இன்றைய ஆய்வேட்டு வடிவத்தைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆயினும் அதற்குரிய வினாக்கள் தமிழுக்குப் புதியவை அல்ல. நன்னூல், சிறப்புப் பாயிரத்தில் கூறப்பட வேண்டியவற்றை எட்டாக வகுக்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்பதையும் அந்நூல் குறிக்கிறது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் பகுப்பு, ஒரு நூல் தனக்கு முன்னிருந்ததோடு கொண்ட உறவைச் சொல்வதாகும். உரையாசிரியர்கள் முன்னை உரைகளை எடுத்துக்காட்டி, ஏற்பவற்றை ஏற்று, மறுப்பவற்றைக் காரணம் கூறி மறுத்தனர். மறுக்கப்பட்ட உரைகாரர் பெயர் சுட்டப்படாத இடங்களிலும் மறுப்பின் காரணம் சுட்டப்பட்டது.

இம்மரபில் ‘வழி’ என்னும் சொல் சிறப்பாக நோக்கத்தக்கது. ஒரு நூல் எதிலிருந்து பிறந்தது என்பதை அது கேட்கிறது. நீலகிரி பற்றிய எழுத்துகளுக்கு இவ்வினா அதன் நேர்ப்பொருளிலும் பொருந்துகிறது. நூலாசிரியர் மலைக்கு எந்தப் பாதையில் ஏறினார் என்பதே அவர் எதைக் கண்டார் என்பதைப் பெரிதும் முடிவுசெய்திருக்கிறது.

2. மலைப்பாதையும் எழுத்தின் பாதையும்

நீலகிரி மக்களைப் பற்றிய முதல் ஐரோப்பியப் பதிவு 1603இல் எழுந்தது. மலபாரில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஜாக்கோமே ஃபெனிசியோ, மலைமேல் கிறித்தவர்கள் வாழ்வதாகக் கேள்வியுற்று மண்ணார்க்காடு வழியாக ஏறிச் சென்றார். மலைமேல் தொதவரையும் படகரையும் சந்தித்து எழுதினார். மேற்கிலிருந்து ஏறிய அப்பாதை மலையின் தென்மேற்கு விளிம்பையே முதலில் தொட்டது. எனவே, எழுத்து வரலாற்றில் நீலகிரியின் முதல் வாயில் உதகமண்டலத்தின் பக்கம் அமையவில்லை. குந்தாவை ஒட்டிய திசையில் அமைந்திருந்தது.

அடுத்த பதிவுகள் இரண்டு நூற்றாண்டுகள் கழித்து வந்தன. வந்த திசையும் மாறியிருந்தது. 1812இல் நில அளவையாளர் வில்லியம் கீஸ் கோயம்புத்தூர் ஆட்சியரால் அனுப்பப்பட்டார். 1819இல் ஆட்சியர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் ஏறி, அதன் அருகிலுள்ள திம்மட்டியில் தங்கினார். 1820களில் உதகமண்டலம் உருப்பெற்றது. கிழக்கிலிருந்து ஏறியவர்கள் கிழக்கையும் நடுவையும் எழுதினர். கேத்தியில் நிலைகொண்ட பாசல் மிஷன் ஊழியர்கள் அதைச் சூழ்ந்த படகர் ஊர்களை எழுதினர். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகமண்டலம் வரையும் வந்த மலை இரயில் இப்போக்கை உறுதிப்படுத்தியது.

ஆட்சி எல்லையும் இதில் பங்கு கொண்டது. 1830இல் மலையின் மேற்குப் பகுதி மலபார் மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. 1843இல் பெரும்பகுதி கோயம்புத்தூருக்குத் திரும்பியபோதும் குந்தா திரும்பவில்லை. 1860இல்தான் அது கோயம்புத்தூருடன் இணைந்தது. நீலகிரி 1868இல் தனி ஆணையரின் கீழ் வந்தது. ஆகவே 1860க்கு முந்தைய குந்தாவுக்கான ஆவணங்களைக் கோயம்புத்தூர் மாவட்டப் பதிவேடுகளில் மட்டும் தேடும் மாணவர், அவை இல்லை என்ற முடிவுக்கு வரக்கூடும். மலபார் மாவட்டப் பதிவேடுகளையும் அவர் தேட வேண்டும். தேடாத இடத்தில் கிடைக்காததை ‘ஆய்வு இடைவெளி’ என்று எழுதுவது முன்னாய்வுப் பகுதிகளில் காணப்படும் பெரும்பிழைகளுள் ஒன்று.

நூலின் காரணமும் கேட்போரும் அடுத்து வருவன. முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் தொகுத்த பழங்குடிகளும் நினைவுச் சின்னங்களும் பற்றிய நூல், அவர் மறைவுக்குப்பின் 1873இல் வெளிவந்தது. கல்கத்தா அருங்காட்சியகத்திற்குப் பொருள்கள் திரட்டும் பணியோடு அது தொடர்புடையது. எச். பி. கிரிக்கின் மாவட்டக் கையேடு (1880), டபிள்யூ. பிரான்சிஸின் மாவட்ட விவரச்சுவடி (1908) ஆகியன ஆட்சி அலுவலர்க்காக எழுதப்பட்டவை. எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரி ஆகியோரின் ஏழு தொகுதிகள் (1909) சாதி, பழங்குடி என்னும் பகுப்புக்காக எழுதப்பட்டவை. முந்தைய நூல்களிலிருந்து நீண்ட பகுதிகளை அவை எடுத்தாள்கின்றன.

இங்கு முதல்நூல், வழிநூல் என்னும் பகுப்பின் பயன் தெரியவருகிறது. ஒரே செய்தியைக் கிரிக், பிரான்சிஸ், தர்ஸ்டன் ஆகிய மூவரிடமிருந்தும் காட்டி, மூன்று சான்றுகள் உள்ளன என்று மாணவர் எழுதலாம். மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையாயின் சான்று ஒன்றே. மூலமோ பெரும்பாலும் எட்டும் தொலைவிலேயே உள்ளது. கீஸின் அறிக்கையும் 1821ஆம் ஆண்டு நில அளவையையொட்டி பி. எஸ். வார்டு எழுதிய குறிப்பும் கிரிக்கின் கையேட்டுப் பின்னிணைப்பில் அச்சாகியுள்ளன. ஃபெனிசியோவின் பதிவு, ரிவர்ஸின் தொதவர் பற்றிய நூலின் பின்னிணைப்பில் மொழிபெயர்ப்பாக உள்ளது. பின்னிணைப்பு வரை செல்லும் மாணவருக்கு வழிநூலின் சுருக்கத்தை நம்பியிருக்க வேண்டிய தேவை நேராது.

3. இரு நூல்கள், ஒரு குரல்

வழியை ஆராய்வது பழைய நூல்களுக்கு மட்டும் உரியது என்று கருதுதல் கூடாது. முறையான களஆய்வின் அடிப்படையில் எழுந்த நூல்களுக்கும் அது பொருந்தும். இதற்கு நீலகிரி ஆய்வு வரலாறே இரு சான்றுகளைத் தருகிறது.

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901–02இல் தொதவரிடையே தங்கி, 1906இல் தம் நூலை வெளியிட்டார். வமிசாவளிகளைத் திரட்டி உறவுமுறையை ஆராயும் அவரது முறை மானிடவியலில் ஒரு முன்மாதிரியாயிற்று. அவர் தொதவர் மொழியை அறியாதவர். மொழிபெயர்ப்பாளர் வழியே வினவினார். மூன்று பத்தாண்டுகள் கழித்து அம்மொழியைக் கற்று ஆராய்ந்த எம். பி. எமனோ, தொதவரிடையே தந்தைவழிக் குலங்களோடு தாய்வழிக் குலங்களும் உள்ளன என்பதை 1937இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். ரிவர்ஸின் விரிவான தரவுகளில் இது புலப்படவில்லை. அவரது உழைப்பில் குறை காண்பதைவிட, அவரது முறை எதைக் காட்ட வல்லது, எதைக் காட்ட இயலாதது என்று கூறுவதே மதிப்பீட்டாளரின் கடமை.

இரண்டாவது சான்று கோத்தரைப் பற்றியது. எமனோ 1940களில் வெளியிட்ட கோத்தர் மொழிப் பனுவல்களும், 1937–38இல் களஆய்வு செய்த டேவிட் மண்டல்பாமின் கோத்தர் சமூகம் பற்றிய கட்டுரைகளும் இன்றளவும் அடிப்படை நூல்களாக மதிக்கப்படுகின்றன. ஒன்று மொழியியல், மற்றொன்று மானிடவியல். இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதாக மாணவர் எளிதில் கருதக்கூடும். ஆனால் இருவருக்கும் முதன்மைத் தகவலாளராக விளங்கியவர் கே. சுள்ளி என்னும் ஒருவரே. ஆங்கிலம் அறிந்த ஆசிரியரான அவர் தம் சமூகத்தில் சீர்திருத்தத்தை வேண்டியவர். அவரைப் பற்றி மண்டல்பாமே தனிக் கட்டுரை எழுதியுள்ளார். எனவே இரு நூல்களும் ஒத்துப்போவதை இரு தனிச் சான்றுகளின் உடன்பாடாக எண்ணுதல் பொருந்தாது. கோத்தர் இசையையும் சடங்கையும் ஆராய்ந்து ரிச்சர்ட் உல்ஃப் 2005இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு இச்செய்தி ஆய்வாளரிடையே நன்கு அறியப்பட்டதாயிற்று.

மஞ்சூரை ஆராய்பவருக்கு இதனால் ஒரு நேரடிப் பயன் உண்டு. கோத்தரின் ஏழு ஊர்களில் ஒன்று குந்தா கோத்தகிரி. சுள்ளியின் ஊர் வேறு. ஓர் ஊரைச் சேர்ந்த ஒருவர் சொன்னவை, ஏழு ஊர்களுக்கும் உரிய ‘கோத்தர் வழக்கம்’ என நூல்களில் நிலைபெற்றுள்ளனவா என்பதைச் சோதிக்கத் தகுந்த களங்களில் ஒன்று குந்தா. முன்னாய்வின் வழியை அறிந்தவர்க்கே இவ்வினா தோன்றும். பட்டியல் மட்டும் தொகுத்தவர்க்குத் தோன்றாது. உண்மையான ஆய்வு இடைவெளி எனப்படுவது இதுவே.

4. பெயரும் தேடுசொல்லும்

இணையத் தேடல் முன்னாய்வுத் தொகுப்பை எளிதாக்கியுள்ளது. ‘சோத்கங்கா’ போன்ற ஆய்வேட்டுக் களஞ்சியங்களில் தலைப்புச் சொல்லைக் கொண்டு ஒரு நாளில் திரட்டுவதை முன்னர்த் திரட்டப் பல வாரங்கள் ஆயின. இவ்வசதி ஓர் எச்சரிக்கையையும் வேண்டுகிறது.

‘படகர்’ என்னும் பெயர் அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. வடக்கிலிருந்து வந்தோர் என்பது அதன் பொருள். 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் எழுதிய கடிதங்களில் அச்சொல் அடிக்கடி வருகிறது. தென்கடற்கரைப் பரதவர் ஊர்களைத் தாக்கியோரைப் பற்றிப் பிரான்சிஸ் சவேரியார் 1544இல் எழுதிய கடிதங்களிலும் அச்சொல் உண்டு. அங்குக் குறிக்கப்படுவோர் விசயநகர அரசைச் சார்ந்த வடுகப் படையினர். நீலகிரி மக்கள் அல்லர். தேடுசொல்லை நம்பி அக்கடிதங்களை நீலகிரிப் படகர் வரலாற்றுக்குச் சான்றாக்கினால், மலைவாழ் வேளாண் மக்களின் வரலாற்றில் கடற்கரைப் படையெடுப்பு ஒன்று இடம்பெற்றுவிடும்.

இது சொல்லளவில் நின்றுவிடும் செய்தி அன்று. படகர் மைசூர்ப் பகுதியிலிருந்து நீலகிரிக்குக் குடிபெயர்ந்தவர் என்னும் கருத்து 19ஆம் நூற்றாண்டு நூல்களிலிருந்து தொடர்ந்து வருகிறது. 1565க்குப் பிந்தைய விசயநகரச் சிதைவோடு அதனை இணைப்பதும் வழக்கம். ஹாக்கிங்ஸ் 1980இல் வெளியிட்ட படகர் சமூக வரலாற்று நூல், 1550இல் தன் காலவரையறையைத் தொடங்கி, தலைப்பிலேயே அவர்களை ஏதிலியர் என்று குறிக்கிறது. படகரிடையே வழங்கும் வாய்மொழிக் கதைகளிலும் வடக்கிலிருந்து வந்தமை பேசப்படுகிறது. எனினும் இக்கருத்தை மறுத்து, தாம் மலையின் தொல்குடியினரே என வாதிடுவோரும் அச்சமூகத்தில் உள்ளனர். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும் என்னும் கோரிக்கை நெடுநாளாக எழுப்பப்பட்டு வருவதால், குடிபெயர்வு பற்றிய ஒவ்வொரு வரியும் அரசியல் எடை பெறுகிறது.

இத்தகைய நிலையில் ‘படகர் மைசூரிலிருந்து வந்தவர் என்று அறிஞர் கூறுவர்’ என ஒரே தொடரில் எழுதி முடிப்பது நடுநிலை ஆகாது. எந்த அறிஞர், எச்சான்றால், எக்காலத்தில் கூறினார் என்பது பிரித்துக் காட்டப்பட வேண்டும். மொழிச் சான்று, வாய்மொழிக் கதை, ஐரோப்பியப் பதிவு ஆகிய மூன்றும் தனித்தனி வலிமை உடையவை. எமனோ 1939இல் படகு மொழியின் உயிரொலிகளை ஆராய்ந்தார். ஹாக்கிங்ஸும் கிறிஸ்தியான் பிலோ-ரைச்சூரும் 1992இல் படகு மொழிக்கு அகராதி வெளியிட்டனர். கன்னடத்தோடு அம்மொழிக்குள்ள நெருக்கம் குடிபெயர்வுக்கு ஒரு சான்றாகலாம். அதன் காலத்தை அச்சான்று மட்டும் உறுதிசெய்யாது. 1603இல் படகர் மலைமேல் இருந்தனர் என்பதை ஃபெனிசியோவின் பதிவு காட்டும். எப்போது வந்தனர் என்பதைக் காட்டாது. ஒவ்வொரு சான்றும் எதுவரை செல்லும் என்று எல்லை குறிப்பதே மதிப்பீடு. பாயிரத்தின் ‘எல்லை’ நூல் வழங்கும் நிலத்தைக் குறித்தது. ஆய்வு மாணவர் அதனைச் சான்று செல்லும் தொலைவுக்கும் விரித்துக்கொள்ளலாம்.

5. பட்டியலில் சேராத குந்தா

ஆங்கில நூல்களில் அரிதாகத் தோன்றும் குந்தா, வேறு வகை எழுத்துகளில் மிகுதியாகத் தோன்றுகிறது. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டின் உதவியுடன் குந்தா நீர்மின் திட்டம் தொடங்கப்பட்டது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, கெத்தை, பில்லூர் என அணைகளும் மின்நிலையங்களும் 1960களில் படிப்படியாக எழுந்தன. பணியாளர் குடியிருப்புகளும் சாலைகளும் உடன் வந்தன. இன்று மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி, வெள்ளியங்காடு வழியாகக் காரமடைக்குச் செல்லும் பாதை, குந்தாவைச் சமவெளியோடு நேரே இணைக்கிறது. பாதை மாறியதும் எழுத்தும் மாறியது. குந்தாவைப் பற்றிப் பொறியாளர் அறிக்கைகள் எழுந்தன.

தமிழில் ஒரு புதினமும் எழுந்தது. மின்துறைப் பொறியாளரின் மனைவியாகக் குந்தாப் பகுதியில் வாழ்ந்த ராஜம் கிருஷ்ணன், படகர் வாழ்வின் தலைமுறை மாற்றத்தைப் பொருளாகக் கொண்டு ‘குறிஞ்சித் தேன்’ என்னும் புதினத்தைப் படைத்தார். களத்துக்குச் சென்று தரவு திரட்டி எழுதும் அவரது முறை பின்னர் உப்பளம், மீனவர், வேளாண் தொழிலாளர் வாழ்வு பற்றிய புதினங்களிலும் தொடர்ந்தது. தமிழ் இலக்கிய ஆய்வேடுகளில் இப்புதினம் பாத்திரப் படைப்பு, சமுதாயச் சிக்கல் என்னும் தலைப்புகளில் ஆராயப்படுகிறது. சமூக அறிவியல் ஆய்வேடுகள் அதனைப் புனைவு என ஒதுக்குகின்றன. ஹாக்கிங்ஸின் ஆய்வுகள் முதல் வகையில் இடம்பெறுவது அரிது. ராஜம் கிருஷ்ணன் இரண்டாம் வகையில் இடம்பெறுவது அரிது. ஒரே மக்களை ஒரே பத்தாண்டில் கண்டு எழுதிய இருவர், இரு துறைகளின் முன்னாய்வுப் பகுதிகளில் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை.

புதினத்தை வரலாற்றுச் சான்றாக அப்படியே கொள்ளுதல் இயலாது என்பது உண்மையே. ஆயினும் காலம், களம், காரணம் ஆகிய வினாக்களை மாவட்ட விவரச்சுவடியிடம் கேட்பது போலவே புதினத்திடமும் கேட்கலாம். திட்டப் பணியிடத்தில் வாழ்ந்த ஒருவர் எவற்றை அறிய முடிந்தது, யாரிடம் கேட்க முடிந்தது, எவ்வாசகர்க்காக எழுதினார் என ஆராய்ந்தால் அதன் சான்று மதிப்பும் எல்லையும் ஒருங்கே புலப்படும்.

இதே வகையில் விடுபடுவன இன்னும் உள. குந்தாவில் 1960களின் தொடக்கத்தில் தொழிற் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை அமைந்தது; 1965இல் அத்தகைய தொழிற்சாலைகளின் இணையமாக இன்கோசர்வ் ஏற்பட்டது. சிறு தேயிலை விவசாயிகளின் பொருளியல் வரலாறு கூட்டுறவு அறிக்கைகளிலும் பசுந்தேயிலை விலை குறித்த கோரிக்கைகளிலும் உள்ளது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அவ்வாறு வந்தோரில் பலர் நீலகிரியில் குடியேறினர். அவர்களுக்கு வேலை அளிக்க 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அவர்களைப் பற்றிய எழுத்து ‘இலங்கை’, ‘மலையகம்’ என்னும் தலைப்புகளின் கீழ் அடுக்கப்பட்டிருப்பதால், ‘நீலகிரி’ என்று தேடுவோர்க்கு அது எட்டுவதில்லை.

தமிழில் எழுதப்பட்ட ஆய்வுகளும் இவ்வாறே. படகர் மொழி, வழக்காறு பற்றி அச்சமூகத்தைச் சேர்ந்த இரா. கு. ஆல்துரை தமிழில் நூல்கள் எழுதியுள்ளார். பக்தவத்சல பாரதியின் ‘தமிழகப் பழங்குடிகள்’ மானிடவியல் நோக்கில் அமைந்தது. நீலகிரியை ஒரு மொழிவட்டாரமாகக் கொண்டு ஆராய வேண்டும் என்று கமில் சுவலபில் 1980இல் வேண்டுகோள் விடுத்தார். முத்தோரை பாலாடாவில் பழங்குடி ஆய்வு மையம் 1983 முதல் இயங்கி வருகிறது. அண்மைக்கால வரலாற்று நூல்களுள் குன்னல் செடர்லாஃப் (2008), டெபோரா சட்டன் (2009) ஆகியோரின் நூல்கள் 19ஆம் நூற்றாண்டு நில உரிமைச் சிக்கல்களை ஆவணங்களின் துணையுடன் ஆராய்கின்றன. இவற்றை மொழி வேறுபாடு கருதாமல் ஒரே வினாவின் முன் நிறுத்துவது மாணவரின் பணி.

6. பட்டியலிலிருந்து மதிப்பீட்டுக்கு

மேற்கூறியவற்றை எழுத்து முறையாக மாற்றும்போது வேறுபாடு தெளிவாகும். வழக்கமான முன்னாய்வுப் பத்தி இவ்வாறு அமையும்: ‘பிரீக்ஸ் (1873) நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றி எழுதியுள்ளார். ரிவர்ஸ் (1906) தொதவர்களை ஆராய்ந்துள்ளார். மண்டல்பாம் (1941) நீலகிரிப் பழங்குடிகளின் பண்பாட்டு மாற்றத்தை ஆராய்ந்துள்ளார். குந்தாப் பகுதி குறித்து இதுவரை ஆய்வு நிகழவில்லை. எனவே இத்தலைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது.’ இதில் பிழையான செய்தி முதல் மூன்று தொடர்களில் இல்லை. அவற்றுக்கும் நான்காவது தொடருக்கும் இடையே எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதே குறை. நூல்களின் வரிசையை மாற்றினாலும் பத்தி மாறாது.

வினாவை முன்வைத்து எழுதினால் அதே நூல்கள் வேறுவகையில் அமையும்: ‘தொதவர், கோத்தர், படகர், குறும்பர் ஆகியோர் பண்டமாற்றாலும் சடங்குக் கடமைகளாலும் பிணைந்த தனி உலகமாக நீலகிரியை மண்டல்பாம் (1941) விளக்கினார். அவரது சான்று பெரிதும் கோத்தரிடமிருந்து, அவருள்ளும் ஒரு தகவலாளரிடமிருந்து பெறப்பட்டது. 1117ஆம் ஆண்டுப் போசளர் கல்வெட்டு நீலமலையையும் தொதவரையும் குறிப்பதும், 1603இல் மலபாரிலிருந்து பாதை இருந்ததும், மலை சமவெளியிலிருந்து முற்றிலும் தனித்திருக்கவில்லை என்பதைக் காட்டுகின்றன. மேற்கு விளிம்பிலுள்ள குந்தாவில் இவ்வுறவுகள் எவ்வாறு அமைந்தன என்பது ஆராயப்படவில்லை.’ இப்பத்தியில் நூல்களின் வரிசையை மாற்ற இயலாது. மாற்றினால் வாதம் குலையும். பட்டியலையும் மதிப்பீட்டையும் பிரித்தறிய இதுவே எளிய சோதனை.

இவ்வாறு எழுதுவதற்கு மாணவர் ஒவ்வொரு நூலையும் படிக்கும்போது ஆறு குறிப்புகளை எடுத்துவைத்தல் நலம்: ஆசிரியர் எதிலிருந்து அறிந்தார் (வழி), சான்று எந்த ஊர், எந்தக் குழு வரை செல்லும் (எல்லை), யாருக்காக எழுதினார் (கேட்போர்), எப்போது கண்டார், எப்போது வெளியிட்டார் (காலம்), எங்கே தங்கினார், எம்மொழியில் வினவினார் (களம்), எத்தேவையால் எழுதினார் (காரணம்). நூலின் உள்ளடக்கச் சுருக்கத்தைவிட இவ்வாறு குறிப்புகளே பின்னர் மதிப்பீட்டை உருவாக்கும்.

ஆய்வுக் கல்வி பற்றிய உலகளாவிய உரையாடலிலும் இக்கருத்து உண்டு. டேவிட் பூட், பென்னி பைல் ஆகியோர் 2005இல் வெளியிட்ட கட்டுரை, தம் துறையின் முன்னாய்வுகளைப் புரிந்துகொள்ளாத ஒருவர் சிறந்த ஆய்வைச் செய்ய இயலாது என வாதிட்டு, மதிப்பீட்டுப் பகுதியை அளக்கும் தரங்களையும் முன்வைத்தது. தமிழ் ஆய்வுலகில் அத்தகைய தரங்களைப் புதிதாக இறக்குமதி செய்வதற்கு முன், கையிலிருக்கும் பாயிர இலக்கணத்தைப் பயிற்சி வகுப்பில் பயன்படுத்தலாம். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்யப்படும் அக்கூறுகள் ஆய்வு நெறிமுறை வகுப்பில் கருவியாகும்.

முடிவுரை

நீலகிரி பற்றிய நான்கு நூற்றாண்டு எழுத்தில் குந்தா மறைந்தது தற்செயலாக நிகழ்ந்ததன்று. கிழக்கிலிருந்து ஏறிய பாதை, 1860 வரை நீடித்த மலபார் ஆட்சி எல்லை, சில ஊர்களைச் சார்ந்த களஆய்வு, மொழி வழியும் துறை வழியும் பிரிந்த நூலடைவு ஆகியன அதற்குக் காரணங்கள். இவற்றைக் கண்டறிவது முன்னாய்வு மதிப்பீட்டின் பணி. அதுவே குந்தாவின் எழுத்து வரலாறாகவும் அமைகிறது.

மஞ்சூரில் ஆய்வு செய்யும் மாணவர் எழுதும் முன்னாய்வுப் பகுதியை அடுத்து வரும் மாணவர் எடுத்தாளுவார். படகரின் தோற்றம், கோத்தரின் வழக்கம், தாயகம் திரும்பியோரின் குடியேற்றம் ஆகியவை பற்றி அதில் இடம்பெறும் ஒரு தொடர், கோரிக்கை மனுவிலோ அரசுக் கோப்பிலோ சான்றாக நிற்கவும் கூடும். அத்தொடர் எங்கிருந்து வந்தது என்பதை அதனை எழுதியவரே அறியாதிருந்தால், அதனால் நேரும் இழப்பு அம்மக்களைச் சாரும். ஆகவே ‘ஆய்வு முன்னோடிகள்’ என்னும் பகுதி ஆய்வேட்டின் முகப்பில் நிறைவேற்றப்படும் சடங்காக அமையாமல், அதன் முதல் ஆய்வாக அமைதல் வேண்டும். பாடநெறியிலும் அது அவ்வாறே கற்பிக்கப்படுதல் வேண்டும்.